காதுக்கு என்ன விலை?

பணம் கட்டினால் தயாரிப்பாளரிடம் கதை சொல்ல நேரம் வாங்கித் தருவதாகச் சில சேவைகள் அழைக்கின்றன. பட்டறையில் நின்றபடி சினிமாக் கனவு காணும் எழுத்தாளருக்கு இது வழியா, வெறும் வாசலா?

இரவு பத்து மணி. பீன்யாவில் இரண்டாவது ஷிப்ட் விடுகிறது. கட்டிங் ஆயில் வாசனை போகாத கைகளோடு தொழிலாளர்கள் துமகூரு சாலையை நோக்கி நடக்கிறார்கள். தலைக்கு மேலே தூண்களின் மீது மெட்ரோ ஓடுகிறது. சாலையோர வண்டியில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று நான்கு மொழிகளில் டீ கேட்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊர் தர்மபுரிப் பக்கம். சி.என்.சி. எந்திர ஆபரேட்டர். எந்திரம் தானாக ஓடும் நிமிடங்களில் மனதுக்குள் வசனம் எழுதி, அறைக்குத் திரும்பியதும் நோட்டில் இறக்குகிறவர். ஆறு வருட உழைப்பில் ஒரு முழுத் திரைக்கதை முடிந்துவிட்டது. சினிமாவில் அவருக்கு ஒரு லைட்மேனைக்கூடத் தெரியாது. அவருடைய செல்போனுக்கு ஓர் அழைப்பு வருகிறது: சில ஆயிரம் ரூபாய் கட்டுங்கள், ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் பிரதிநிதியிடம் வீடியோவில் பத்து நிமிடம் கதை சொல்லலாம். அந்தத் தொகை அவருக்கு ஒரு மாதத்து ஓவர்டைம்.

அவர் கட்ட வேண்டுமா?

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் அம்பத்தூரிலும் திருப்பூரிலும் மும்பை தாராவியிலும், தமிழர்கள் ஷிப்ட் பார்க்கும் எந்த ஊரிலும் இவரைச் சந்திக்கலாம். அவர் கேட்கும் கேள்வி அசலானது. பதில் சொல்வதற்கு முன்னால் அங்கே என்னதான் விற்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

பத்து நிமிடத்தின் வியாபாரம்

கோடம்பாக்கத்தில் 'கதை சொல்வது' என்பதை ஹாலிவுட்டில் 'பிட்சிங்' என்பார்கள். காசு வாங்கிக்கொண்டு அதற்கு ஏற்பாடு செய்வது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அதில் பல ரகம். ஒரு நிர்வாகியோடு சில நிமிடச் சந்திப்புக்குக் கட்டணம். திரைக்கதையை இணையத்தில் பட்டியலிட்டு வைக்க மாதக் கட்டணம். படித்துப் பார்த்து மதிப்பெண் போடக் கட்டணம். போட்டிக்கு நுழைவுக் கட்டணம். கதைச் சுருக்கத்தை நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைக்கவும் கட்டணம்.

இவற்றில் பெயர் பெற்றது 'தி பிளாக் லிஸ்ட்'. பிராங்க்ளின் லெனார்ட் என்பவர் 2005-ல் ஒரு காரியம் செய்தார். அந்த வருடம் படித்ததில் பிடித்த, ஆனால் படமாகாத திரைக்கதைகள் எவை என்று சினிமா நிர்வாகிகளிடம் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தார். 'ஜூனோ', 'ஸ்லம்டாக் மில்லியனர்', 'தி கிங்ஸ் ஸ்பீச்' எல்லாம் அந்த வருடாந்தரப் பட்டியலில் இடம்பெற்றவை. அதில் சேர எந்த எழுத்தாளரும் காசு கட்டவில்லை. 2012-ல் அதே பெயரில் யாரும் தங்கள் திரைக்கதையை ஏற்றி வைக்கக்கூடிய ஓர் இணைய சேவை வந்தது. தொடங்கியபோது பட்டியலிட மாதம் 25 டாலர், ஒருவர் படித்து மதிப்பிட 50 டாலர். பிறகு கட்டணம் உயர்ந்தது.

பலன் இல்லையா? இருந்தது. பிரெடரிக் மென்ச் என்பவரின் 'நைட்டிங்கேல்' திரைக்கதை இந்தச் சேவை வழியாகக் கண்டெடுக்கப்பட்டு, டேவிட் ஒயிலோவோ நடிக்க 2014-ல் படமானது. ஆகவே கட்டணச் சேவை என்றாலே மோசடி என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

ஆனால் இந்த வியாபாரத்தின் கணக்கு வழக்கைக் கவனியுங்கள். ஒரு நிர்வாகி ஒரு நாளில் 30 பேரிடம் கதை கேட்கிறார், ஆளுக்கு 3,000 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வசூல் 90,000 ரூபாய். அந்த 30 கதைகளில் ஒன்றுகூடப் படமாகாவிட்டாலும் அன்றைய வியாபாரம் முடிந்தது, லாபமும் வந்தது. முப்பது பேரும் அடுத்த மாதம் வேறு ஒரு நிர்வாகிக்காகத் திரும்ப வந்தால் இன்னும் லாபம். கதை விற்றுவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார்.

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அங்கீகரிக்கும் ஏஜென்டுகளின் வழக்கம் இதற்கு நேர் எதிர். அவர்கள் படித்துப் பார்க்கக் கட்டணம் வாங்கக் கூடாது. எழுத்தாளருக்குச் சம்பாதித்துக் கொடுத்த பிறகு, அதில் பத்து சதவீதம். எழுத்தாளர் சம்பாதிக்கவில்லை என்றால் ஏஜென்டுக்கும் இல்லை. இரண்டு ஏற்பாட்டிலும் பேசுவது கதையைப் பற்றித்தான். யாருக்குப் பசி என்பதுதான் வித்தியாசம்.

நடிப்பு வாய்ப்புத் தேடுகிறவர்கள் விஷயத்தில் கலிபோர்னியா மாநிலம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கறப்பதை அங்கே 2009-ல் வந்த ஒரு சட்டம் தடை செய்கிறது. 2017 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர அரசு வழக்கறிஞர், நடிகர் தேர்வுக்காரர்களைக் காசுக்குச் சந்திக்க வைத்ததாக ஐந்து 'பயிற்சிப் பட்டறை'களோடு தொடர்புடைய 28 பேர் மீது வழக்குத் தொடர்ந்தார். பயிற்சி என்று பெயர், விற்றது வேலைக்கான நேர்காணலை என்பது குற்றச்சாட்டு.

பீன்யாவின் கணக்கு

நம் ஆபரேட்டருக்கு ஹாலிவுட் கணக்கு தேவையில்லை. அவர் வேலை செய்யும் பட்டறையின் கணக்கே போதும். எழுபதுகளில் உருவாகி, இன்று ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்றாகப் பேசப்படும் பீன்யாவில் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் ஜாப் ஒர்க்கில் பிழைக்கின்றன. அங்கே ஆர்டர் பிடிக்கும் முறை எல்லோருக்கும் தெரியும். பெரிய கம்பெனி ட்ராயிங் அனுப்பும். பட்டறைக்காரர் கொட்டேஷன் கொடுப்பார். அதற்குக் கட்டணம் கிடையாது. பிறகு சாம்பிள் செய்து காட்டுவார். அளவு சரியாக இருந்தால் பர்ச்சேஸ் ஆர்டர். பில் பணம் மூன்று மாதம் இழுத்தடிக்கலாம். ஆனால் பணம் எந்தத் திசையில் வரவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சாம்பிளைப் பார்க்கச் சொல்லி பர்ச்சேஸ் மேனேஜருக்குக் காசு கொடுத்தால் அதற்குப் பீன்யாவில் வேறு பெயர்.

தமிழ் சினிமாவிலும் ஒரு காலத்தில் இதுதான் முறை. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் 'கதை இலாகா' என்று ஒன்று இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் அதில் மாதச் சம்பளத்துக்கு இருந்தார்கள். கதையை யோசிப்பதற்கும், விவாதிப்பதற்கும், கிழித்துப் போடுவதற்கும் சேர்த்துத்தான் முதலாளி சம்பளம் கொடுத்தார். அதே ஸ்டூடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன் அந்த உலகத்தைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். கதை யோசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்த தொழிலில், கதையைக் கேட்பதற்கே எழுத்தாளர் கட்டணம் கட்டுவது என்பது பெரிய தலைகீழ் மாற்றம்தான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பீன்யா பட்டறைக்காரரும் சில சமயம் காசு கட்டித்தானே வாடிக்கையாளரைப் பார்க்கிறார்? அதே துமகூரு சாலையில் மாதாவரம் அருகே பெங்களூரு சர்வதேசக் கண்காட்சி மையம் இருக்கிறது. அங்கே நடக்கும் எந்திரக் கண்காட்சியில் ஸ்டால் போட வாடகை உண்டு. அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

சரிதான். ஆனால் ஸ்டாலுக்கு முன்னால் வந்து நிற்பவர் யார்? தன் கம்பெனிக்கு ஏதோ தேவைப்பட்டு, தன் செலவில், தானே நடந்து வந்தவர். ஸ்டால்காரர் கட்டிய பணத்தில் அவருக்குக் கூலி போவதில்லை. கட்டணச் சந்திப்புகளை எடைபோட இதைவிட நல்ல தராசு கிடையாது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் வாங்க வந்தவரா, கேட்பதற்காகக் கூலி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவரா? முதல் ரகமென்றால் கட்டணம் ஸ்டால் வாடகை. இரண்டாவது ரகமென்றால் அது வெறும் காது வாடகை.

இந்தத் தராசில் தேறும் ஏற்பாடுகள் இந்தியாவிலேயே உண்டு. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் கோவாவில் நடத்தும் 'பிலிம் பஜார்' அப்படிப்பட்ட சந்தை. தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் சரக்குத் தேடி வரும் இடம். அந்தக் கழகத்தின் திரைக்கதைப் பயிலரங்கிலும் விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. தேர்வு செய்யப்பட்ட சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் வழிகாட்டி, கடைசியில் பஜாரில் கதை சொல்ல வைக்கிறார்கள். 'லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா' அங்கே பட்டை தீட்டப்பட்ட திரைக்கதை.

இலவச வழியும் இலவசமல்ல

கட்டணச் சேவைகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் வேறு. கோடம்பாக்கத்தின் 'இலவச' வழி உண்மையில் யாருக்கு இலவசம்? சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் அறை எடுத்து, டீக்கடை வாசலில் தவம் கிடந்து, உதவி இயக்குநராகச் சேர்ந்து, பேட்டா வந்தால் வந்தது என்று வருடங்களைக் கரைக்க வேண்டும். வீட்டில் ஒரு சம்பளம் வந்துகொண்டிருப்பவருக்கு இது முடியும். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவருக்கு முடியாது. இரவு நேரத்தில் டீக்கடை வாசலில் நிற்க முடியாத பெண்களுக்கு அந்த வாசல் ஆரம்பத்திலிருந்தே பாதி மூடித்தான் இருக்கிறது. பத்து வருட வாலிபத்தைக் கொடுப்பதைவிடச் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பது மலிவில்லையா?

இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கட்டணச் சந்திப்பில் வேறு சில நன்மைகளும் உண்டு. தேதி குறித்துவிட்டால் எழுதி முடித்தே ஆக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் பத்து நிமிடத்தில் கதையைச் சொல்லிப் பழகலாம். எந்த இடத்தில் கேட்பவரின் கண் செல்போனுக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இவையெல்லாம் பயிற்சி. பயிற்சிக்குக் கட்டணம் கட்டுவதில் தப்பில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவும் கட்டுகிறோம். புனே திரைப்படக் கல்லூரி நடத்தும் குறுகிய காலத் திரைக்கதை வகுப்புகளுக்கும் கட்டணம் உண்டு. கமல்ஹாசனும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2009-ல் திரைக்கதைப் பட்டறை நடத்தினார்கள். இவை எல்லாம் கற்றுத்தருவதாகச் சொல்லிக் கற்றுத்தருபவை. வாய்ப்புத் தருவதாகச் சொல்லிக்கொண்டு பயிற்சியை மட்டும் கொடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

இன்னொரு சிக்கல் தமிழ் சினிமாவுக்கே உரியது. ஹாலிவுட்டில் திரைக்கதை தனியாக விலைபோகும் சரக்கு. ஒருவர் எழுதுவார், வேறொருவர் இயக்குவார். நம் ஊரில் ஸ்ரீதர், பாலசந்தர், பாக்யராஜ் காலத்திலிருந்தே எழுதுபவரும் இயக்குபவரும் பெரும்பாலும் ஒருவர். 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று ஒரே பெயர் திரையில் வருவதைப் பார்த்து வளர்ந்த தயாரிப்பாளர், கதை கேட்டு முடித்ததும் கேட்கும் முதல் கேள்வி 'டைரக்டர் யார்?' என்பதுதான். எழுத மட்டும் விரும்பும் ஒருவர் பத்து நிமிடம் வாங்கினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் வாங்க முடியாது. சொல்லப்போனால் அவர் தேட வேண்டியது தயாரிப்பாளரையே அல்ல, தன் எழுத்தை விரும்பும் ஓர் இயக்குநரை.

கதவு திறந்தவர்கள்

அப்படியென்றால் வெளியிலிருந்து வந்தவர்கள் எப்படித்தான் நுழைந்தார்கள்? பதிலைத் தேடிப் பீன்யாவைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த ரங்கராஜன் என்ற என்ஜினியரைத் தமிழ்நாடு சுஜாதா என்று அறியும். மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்குகொண்டவர். வேலையையும் பெங்களூரையும் விடாமலே சினிமாவுக்குள் வந்தவர். 1977-ல் 'காயத்ரி', 1978-ல் 'ப்ரியா' என்று அவருடைய தொடர்கதைகளைச் சினிமா தேடிவந்து எடுத்துக்கொண்டது. 1986-ல் 'விக்ரம்'. பிறகு 'ரோஜா', 'இந்தியன்', 'முதல்வன்'. அவர் எழுதியவை வாரப் பத்திரிகைகளில் வந்து லட்சக்கணக்கானவர்கள் முன்கூட்டியே படித்துவிட்ட கதைகள். படிக்க எந்தத் தயாரிப்பாளரிடமும் நேரம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர் அபூர்வப் பிறவி என்று சொல்லலாம். ஆனால் வழி அபூர்வமல்ல. சென்னை ஏ.ஜி. ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த பாலசந்தர் நாடகம் போட்டார். மேடையில் கைதட்டல் வாங்கிய பிறகு 1964-ல் எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதும் வாய்ப்பு வந்தது. அடுத்த வருடம் 'நீர்க்குமிழி'யில் இயக்குநர்.

இந்தத் தலைமுறையில் மேடையின் இடத்துக்குக் குறும்படம் வந்தது. பெங்களூரில் சாப்ட்வேர் என்ஜினியராக இருந்த கார்த்திக் சுப்புராஜ், கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படங்களால் கவனிக்கப்பட்டார். முதலில் எடுக்க நினைத்தது 'ஜிகர்தண்டா'. அதற்கான பட்ஜெட் கைகூடாததால், குறைந்த செலவில் முடியக்கூடிய 'பீட்சா'வை எழுதி 2012-ல் எடுத்தார். அதே நிகழ்ச்சியிலிருந்து வந்த நலன் குமாரசாமியின் 'சூது கவ்வும்' 2013-ல் வெளியானது. ராம்குமார் அங்கே குறும்படமாகக் காட்டிய 'முண்டாசுப்பட்டி' 2014-ல் முழுப் படமாகவே வந்தது. இந்த மூன்று படங்களுக்கும் பின்னால் சி.வி. குமார் என்ற ஒரே தயாரிப்பாளர் இருந்தார். இவர்களை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது கையிலிருந்த குறும்படம். பீன்யா மொழியில் சொன்னால், சாம்பிள்.

பெங்களூரிலேயே இன்னொரு வழியும் பிறந்தது. 'லூசியா' என்ற திரைக்கதையை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர்களிடம் அலைந்து பலிக்காத பவன் குமார், இணையத்தில் பொதுமக்களிடமே பணம் கேட்டார். 27 நாட்களில் சுமார் 110 பேர் சேர்ந்து 50 லட்சத்துக்கு மேல் போட்டார்கள். 2013-ல் படம் வெளியானது. 2015-ல் தமிழில் 'எனக்குள் ஒருவன்' ஆனது. அவர் கதையைச் சொன்னது வாங்கப்போகும் ரசிகர்களிடமே.

போட்டியில் கிடைத்த வெற்றிக்கும் உதாரணம் உண்டு. விப்லப் கோஸ்வாமியின் 'டூ பிரைட்ஸ்' என்ற திரைக்கதை 2018-ல் சினிஸ்தான் நடத்திய திரைக்கதைப் போட்டியில் பரிசு பெற்ற கதைகளில் ஒன்று. நடுவர்களில் ஒருவர் ஆமிர்கான். படம் எடுப்பவரே நடுவராக உட்கார்ந்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். கதையை வாங்கியவரும் அவரேதான். 2024-ல் அது 'லாபதா லேடீஸ்' ஆக வந்தது. அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும் அந்தப் படத்தைத்தான்.

சொன்ன கதை யாருடையது?

கட்டணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று நம் ஆபரேட்டருக்கு உண்டு. கதையைச் சொல்லிவிட்டு வந்தபின், அது வேறு யார் பெயரிலோ வெளியானால்?

இந்தியாவில் இதற்கு ஆதி வழக்கே ஒரு கதை சொன்ன வழக்குதான். ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் தொழிலால் கட்டடக் கலைஞர், ஆசையால் நாடகாசிரியர். பஞ்சாபிக் குடும்பமும் மதராசிக் குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் வசிக்க, பிள்ளைகளுக்குள் காதல் மலரும் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற அவருடைய நாடகம் டெல்லியில் பெயர் வாங்கியது. சினிமா இயக்குநர் மோகன் சேகல் வந்து நாடகத்தை வாசிக்கக் கேட்டார். பதில் சொல்லாமல் போனார். 1956-ல் கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்த 'நியூ டெல்லி' வந்தது. ஆனந்த் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் தோற்றார். கருத்துக்கும் கருவுக்கும் காப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். வாயால் சொன்ன ஒரு வரிக் கதைக்குக் காப்புரிமைச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஆனால் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. 2003-ல் சன்டியல் நிறுவனத்துக்கும் ஜீ டெலிபிலிம்ஸுக்கும் இடையிலான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் வேறொரு கதவைத் திறந்தது. நம்பி ரகசியமாகச் சொன்ன தொடர் யோசனையை, கேட்டவர் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது என்று தடை விதித்தது. சன்டியல் தரப்பில் யோசனை எழுத்தில் இருந்தது, எழுத்தாளர் சங்கத்தில் பதிவாகியிருந்தது, கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தது.

பதிவின் பலத்தைத் தமிழ் சினிமா 2018-ல் நேரில் பார்த்தது. உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன், தான் 2007-ல் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்த 'செங்கோல்' கதையும் விஜய் நடித்த 'சர்கார்' கதையும் ஒன்று என்று புகார் கொடுத்தார். சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டின் மூலக்கருவும் ஒன்றே என்று சொன்னார். அக்டோபர் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. படத்தில் வருணுக்கு நன்றி தெரிவிக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. பதினோரு வருடம் கழித்துப் பேசியது ஒரு பதிவுத் தாள்.

கட்டணச் சந்திப்பில் இந்தத் தாள் இன்னும் முக்கியம். அங்கே கேட்பவர் ஒரே நாளில் பல கதைகள் கேட்கிறார். பல சேவைகளின் நிபந்தனைகளில், உங்கள் கதையைப் போன்ற கதை எங்களிடம் ஏற்கனவே இருக்கலாம், நீங்கள் வழக்குத் தொடரக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். பணமும் கொடுத்து உரிமையையும் கொடுப்பது என்ன வியாபாரம்?

பணம் கட்டும் முன்...

காசு கட்டலாமா என்று யோசிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

கேட்கப்போகிறவர் பெயர் என்ன, சமீபத்தில் எந்தப் படத்தில் அவர் பெயர் திரையில் வந்தது? 'முன்னணி நிறுவனத்தின் பிரதிநிதி' என்பது பதிலல்ல. வாங்கும் அதிகாரம் இல்லாத உதவியாளர் தலையாட்டினால் கதை நகராது.

அவர் வந்திருப்பது கதை தேடியா, கூலிக்கா? அவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பினால் அதுவே விடை.

'வெற்றி' என்று எதைச் சொல்கிறார்கள்? 'திரைக்கதையை அனுப்பச் சொன்னார்' என்பது வெற்றி அல்ல. அனுப்புவது, படிப்பது, ஒப்பந்தம் போடுவது, முன்பணம் தருவது, படம் எடுப்பது, வெளியிடுவது என்று ஆறு படிகள் இருக்கின்றன. முதல் படியில் நின்றவர்களைக் கடைசிப் படியில் நின்றவர்களாகக் காட்டும் விளம்பரங்களிடம், எத்தனை பேர் கட்டி எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள்.

பணம் கட்டும் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறார்களா? அப்படியானால் அது கடை. கடையில் வாங்குவது தப்பில்லை, தேர்வானதாக நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

கதை பதிவாகிவிட்டதா? சென்னையிலுள்ள எழுத்தாளர் சங்கமும், இணையத்திலேயே பதிவு செய்ய வசதியுள்ள மும்பை திரைக்கதை எழுத்தாளர் சங்கமும் இருக்கின்றன. அரசின் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்துப் படைப்பைப் பதிவு செய்ய 500 ரூபாய்தான் கட்டணம். எழுதி முடித்த உடனேயே காப்புரிமை உங்களுடையது. பதிவு அதற்குச் சாட்சி.

சொன்னபடி நடக்கவில்லையா? 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்கு எதிராகப் புகார் செய்ய இடம் தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆளே இல்லாத நிறுவனத்துக்குப் பணம் போய்விட்டால், இணைய மோசடிக்கான எண் 1930.

மீண்டும் அந்த டீ வண்டிக்கு வருவோம். துமகூரு சாலையிலிருந்து கோரகுண்டேபாளையா சந்திப்பில் வெளிவட்டச் சாலைக்குத் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் கண்டீரவா ஸ்டூடியோ. ராஜ்குமாரும் புனீத்தும் துயிலும் இடம். நம் ஆபரேட்டர் விடுமுறை நாளில் அதன் வழியாக எத்தனையோ முறை போயிருப்பார். ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் இருப்பதும் சினிமாவுக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரியும். பத்து நிமிடக் கட்டணமும் அந்தத் தூரத்தைக் குறைத்துவிடாது.

அந்த ஓவர்டைம் பணத்துக்கு வேறு செலவுகள் இருக்கின்றன. கதையைப் பதிவு செய்யலாம். அதிலிருந்து ஒரு காட்சியைப் பிய்த்துச் சிறுகதையாக்கிப் பத்திரிகைக்கு அனுப்ப ஒரு தபால் செலவுதான். அறை நண்பர்களை நடிக்க வைத்து, ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடக்கும் பட்டறைத் தெருவில் ஏழு நிமிடக் குறும்படம் எடுக்கலாம். பீன்யாவைப் போல ஓர் அரங்கத்தைக் கோடம்பாக்கத்தில் லட்சங்கள் செலவழித்துத்தான் போட வேண்டும். மிச்சமிருந்தால், பயிற்சிக்காக என்று தெரிந்தே ஒருமுறை அந்தப் பத்து நிமிடத்தையும் வாங்கிப் பார்க்கலாம்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அவர் மறுபடியும் எந்திரத்தின் முன்னால் நிற்பார். முதல் பீஸை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்து அளவு பார்ப்பார். சரியாக இருந்தால்தான் அடுத்த பீஸ். அந்த ஒழுங்கு அவருக்கு யாரும் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்ததல்ல. நோட்டிலிருக்கும் திரைக்கதையையும் அதே கண்ணால் இன்னொரு முறை அளந்து பார்ப்பாரானால், பாதி வேலை முடிந்தது.